மாங்காட்டு மறையோன் வரைந்த காடு

திருச்சியிலிருந்து மதுரைக்குப் பேருந்தில் போகிறவர்களுக்கு அந்த வழி ஏறத்தாழ இரண்டரை மணி நேரத் தூக்கம், அவ்வளவே. விராலிமலையில் மயில்கள் உண்டு என்று யாராவது சொல்வார்கள். துவரங்குறிச்சியில் விழித்துக்கொண்டால் வறண்ட குன்றுகளைப் பார்க்கலாம். மேலூர் வந்துவிட்டால் மதுரை வந்த மாதிரிதான். நானும் வெகுகாலம் அப்படியே போய்வந்தவன். சிலப்பதிகாரத்தின் காடுகாண் காதையை இரண்டாம் முறை நிதானமாகப் படித்த பிறகு அந்த வழியில் எனக்குத் தூக்கம் வருவதில்லை.

காரணம் இதுதான். தமிழில் மாயக்காடு ஒன்றை முழுமையாக, நிலவியலோடும் ஆபத்துகளோடும் குடிகளோடும் வரைந்து காட்டிய முதல் வரைபடம் என்று காடுகாண் காதையைச் சொல்லலாம். வரைபடம் என்பதை உவமையாகச் சொல்லவில்லை. உறையூரிலிருந்து மதுரைக்கு எப்படிப் போகவேண்டும் என்று கேட்ட கோவலனுக்கு, ஒருவர் வழி சொல்கிறார். எங்கே பாதை பிரிகிறது, எந்தப் பக்கம் எந்த மலை, எங்கே தண்ணீர் கிடையாது, எங்கே யார் வந்து மறிப்பார் என்றெல்லாம் சொல்கிறார். அதில் பாதி இன்றும் தரையில் இருக்கிறது. மறுபாதி எங்கும் கிடையாது. இரண்டையும் தையல் தெரியாமல் இளங்கோ சேர்த்துத் தைத்திருக்கிறார் என்பதுதான் வியப்பு.

வழி சொல்பவர் குடமலை நாட்டு மாங்காட்டைச் சேர்ந்த ஓர் அந்தணர். காவிரியின் நடுவே திருவரங்கத்தில் கிடந்த கோலத்தில் உள்ள திருமாலையும், வேங்கடத்தில் நின்ற கோலத்தில் உள்ள திருமாலையும் காண வேண்டும் என்று தம் கண்கள் வருத்தியதால் புறப்பட்டு வந்தவர். பாண்டி நாட்டின் வளத்தைப் பார்த்துவிட்டு, அதன் அரசனை வாழ்த்திக்கொண்டே தெற்கிலிருந்து வருகிறார். கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளும் வடக்கிலிருந்து, அரங்கத்தையும் உறையூரையும் கடந்து வருகிறார்கள். ஒரு சோலையில் சந்திப்பு. நாம் வழி கேட்கும்போது எதிரே வருகிறவரைக் கேட்பதுதான் வழக்கம். அவர்தானே அந்த வழியை இப்போதுதான் பார்த்துவிட்டு வருகிறார். இளங்கோவுக்கும் இது தெரிந்திருக்கிறது.

அவர் சொல்லும் முதல் செய்தி பருவத்தைப் பற்றியது. முல்லையும் குறிஞ்சியும் வெயிலின் கொடுமையால் தம் இயல்பு திரிந்து பாலை என்னும் வடிவம் கொள்ளும் காலத்தில், இந்தப் பெண்ணையும் அழைத்துக்கொண்டு வந்திருக்கிறீர்களே என்கிறார். தமிழ்த் திணைக் கோட்பாட்டைப் படித்தவர்கள் இந்த இடத்தை மேற்கோளாக அறிவார்கள். தொல்காப்பியம் மற்ற நான்கு திணைகளுக்கும் நிலம் பகுத்துக் கொடுக்கும்போது பாலையை விட்டுவிடுகிறது. நண்பகலையும் வேனிலையும் மட்டுமே அதற்குத் தருகிறது. அதாவது பாலை ஓர் இடமன்று, ஒரு காலம். நல்ல ஊர்கூடச் சில மாதங்களுக்குப் பாலையாகிவிடலாம். சித்திரையில் மணப்பாறைப் பக்கம் நடந்து பார்த்தவர்களுக்கு இதற்கு உரையே வேண்டியதில்லை.

அடுத்து நிலம். கொடும்பை என்னும் ஊரின் நெடுங்குளக் கரையைச் சேர்ந்தால் அங்கே வழி, சிவபெருமானின் சூலம் போல, மூன்றாகப் பிரியும் என்கிறார். கொடும்பை என்பது இன்றைய கொடும்பாளூர், விராலிமலைக்கு அருகில் புதுக்கோட்டை மாவட்டத்தில் இருக்கிறது. பிற்காலத்தில் இருக்குவேளிரின் தலைநகர். பூதி விக்கிரமகேசரி கட்டிய மூவர் கோயிலில் மூன்று கோயில்களுள் இரண்டுதான் இப்போது நிற்கின்றன. சோழ நாட்டுக்கும் பாண்டி நாட்டுக்கும் இடையே படை நடத்த விரும்பிய எவரும் இந்த ஊரைக் கணக்கில் கொள்ளாமல் இருக்க முடிந்ததில்லை. ஆக, மறையோனின் சூலம் கற்பனையில் நடப்பட்டதன்று.

வலப்பக்கத்து வழி தாகத்தின் வழி. வெண்கடம்பும் ஓமையும் உழிஞ்சிலும் காய்ந்து நிற்கும். மூங்கில் வறண்டு கிடக்கும். நீர் வேட்கையால் மான்கள் நின்று கத்தும். எயினர்களின் இருப்பிடங்களைக் கடந்தால் காட்சி மாறிவிடும். மலைநெல், கரும்பு, தினை, வரகு, வெங்காயம், மஞ்சள், வாழை, கமுகு, தெங்கு, மா, பலா என்று விளைபொருள்களை அடுக்குகிறார், சந்தைக்குப் போய்வந்தவர் மாதிரி. அவற்றோடு தோன்றுவது பாண்டியனின் சிறுமலை. அதை வலப்பக்கம் விட்டு மதுரைக்குப் போகச் சொல்கிறார். படத்தை எடுத்துப் பாருங்கள். சிறுமலையை வலக்கைப் பக்கம் விட வேண்டுமானால் அதன் கிழக்கே, நத்தம் பக்கமாக இறங்க வேண்டும். திண்டுக்கல் வழியாகச் செல்லும் இன்றைய இருப்புப்பாதை சிறுமலைக்கு மேற்கே போகிறது. மறையோனின் கணக்கில் அது வராது. சிறுமலை வாழைப்பழத்துக்கு இன்றும் பேர் இருக்கிறது. அந்த அடுக்கில் வாழையும் இருப்பதைப் படித்தபோது எனக்குச் சிறுபிள்ளைத்தனமான ஒரு மகிழ்ச்சி உண்டானது.

இடப்பக்கத்து வழி ஆசையின் வழி. வயல்களும் சோலைகளும் காடுகளும் கடந்தால் திருமால் குன்றம், அதாவது அழகர் மலை. அங்கே ஒரு பிலம், பாதாளக் குகை. அதனுள் புண்ணிய சரவணம், பவகாரணி, இட்டசித்தி என்று மூன்று பொய்கைகள். முதலாவதில் நீராடினால் இந்திரன் இயற்றிய இலக்கண நூல் கைவரும். இரண்டாவதில் நீராடினால் முற்பிறப்பு தெரியும். மூன்றாவதில் நினைத்தது கிடைக்கும். உள்ளே போக விரும்பினால் மலையை மும்முறை வலம் வரவேண்டும். சிலம்பாற்றங்கரையில் கோங்க மரத்தின் கீழ் வரோத்தமை என்பவள் தோன்றுவாள். இம்மையின் இன்பம் எது, மறுமையின் இன்பம் எது, இரண்டும் இன்றி நிலைத்து நிற்பது எது என்று கேட்பாள். விடை சொன்னால் கதவு திறப்பாள்.

சிலம்பாறு மட்டும் இன்றும் இருக்கிறது. நூபுர கங்கை என்று வடமொழிப் பெயரில் அதில்தான் நீராடுகிறார்கள். நூபுரம் என்றாலும் சிலம்புதான். சிலம்பால் கதை நடக்கும் ஒரு காப்பியத்தில் சிலம்பு என்றொரு ஆறு குறுக்கிடுகிறது, அதைக் கதைமாந்தர் கடப்பதில்லை. இதற்கு மேல் இதில் பொருள் தேட நான் போவதில்லை. மூன்று பொய்கைகளையும் அழகர் மலையில் தேடுகிறவர்கள் உண்டு. தேடட்டும். ஆனால் முதல் பொய்கையின் பரிசு ஓர் இலக்கண நூல் என்பதை அவர்கள் கவனித்திருப்பார்களா என்று எனக்கு ஐயம். உலகத்தின் எந்த மாயக்காட்டிலும் பொன்னும் சாவாமருந்தும் கிடைக்கும். நம்முடைய காட்டில் இலக்கணம் கிடைக்கிறது!

நடுவழியைப் பற்றி மறையோன் குறைவாகவே பேசுகிறார். ஊர்கள் இடையிட்ட காடுகள். அதில் ஒரு தெய்வம் உண்டு. அது அச்சுறுத்தும் உருவில் வராது, இனிய உருவில் வந்து வழிப்போக்கரைத் தடுத்து நிறுத்தும். அதனிடமிருந்து தப்பிவிட்டால் மூன்று வழிகளும் ஒன்றுகூடும் மதுரைப் பெருவழி. இடவழிக்கு அழகர் மலையும் வலவழிக்குச் சிறுமலையும் அடையாளம். நடுவழிக்கு அடையாளம் ஒரு தெய்வம் மட்டுமே. இந்தப் படத்தில் தரையில் பொருத்திப் பார்க்க முடியாத வழி அது ஒன்றுதான். அவர்கள் போவதும் அந்த வழியில்தான்.

கவுந்தியடிகள் மறையோனுக்குச் சொல்லும் மறுமொழி புகழ்பெற்றது. இந்திரனின் நூல் எங்கள் அருகனின் ஆகமத்தில் உண்டு; முற்பிறப்பில் செய்ததை இந்தப் பிறப்பிலேயே காணலாம்; வாய்மையும் கொல்லாமையும் உடையவருக்குக் கிடைக்காத பொருள் எது என்று மூன்று பொய்கைகளையும் மூன்று வாக்கியங்களில் வற்றச் செய்துவிடுகிறார். வழக்கமாக இதைச் சமண வைணவ வாதமாகவே படிக்கிறோம். எனக்கு இங்கே வேறொன்று படுகிறது. இந்தக் காட்டுக்குக் கவுந்தியடிகளிடமும் ஒரு வரைபடம் இருந்திருக்க வேண்டும். சிராப்பள்ளிக் குன்றில் சமணர் கற்படுக்கைகள் இருக்கின்றன. புதுக்கோட்டைப் பக்கம், கொடும்பாளூரிலிருந்து அதிகத் தொலைவில்லாத சித்தன்னவாசலில் ஏழடிப்பட்டத்துப் படுக்கைகள். அழகர் மலைத் தொடரின் கிழக்கே மேலூரை அடுத்த அரிட்டாபட்டியிலும் கீழவளவிலும் தமிழி எழுத்துகளோடு குகைத் தளங்கள். மதுரை வாசலில் யானைமலை. உறையூரிலிருந்து மதுரை வரை ஒரு சமணத் துறவி இரவு தங்கக் கல்லில் படுக்கை வெட்டி வைத்திருந்த நிலம் இது. சிலப்பதிகாரத்தை எந்த நூற்றாண்டில் வைத்தாலும் அந்த எழுத்துகள் அதற்கு முந்தியவை.

மறையோனின் படத்தில் இவற்றுள் ஒன்றுகூட இல்லை. அவர் பார்த்தது திருமாலின் குன்றத்தை. கவுந்தியும் தம் படத்தை விரித்துக் காட்டவில்லை. சமணச் சார்புடையவர் என்று நாம் சொல்லிவரும் இளங்கோ ஏன் அதை எழுதாமல் விட்டார்? மாயத்தை எழுதினால் கதைக்கு உதவும், கற்படுக்கையை எழுதினால் உதவாது என்று நினைத்திருக்கலாம். எப்படியோ, இலக்கியத்தில் இருப்பது தரையில் இல்லை, தரையில் இருப்பது இலக்கியத்தில் இல்லை. இரண்டையும் படிக்கத்தான் இரண்டு கண்கள் போலிருக்கிறது.

நடுவழியின் தெய்வத்துக்கு வருவோம். கோவலன் தண்ணீர் தேடி ஒரு பொய்கைக் கரைக்குப் போகிறான். கால் தளர்ந்து நிற்கிறான். அப்போது மாதவியின் தோழி வசந்தமாலையின் உருவில் அது அவன் காலில் விழுந்து அழுகிறது. நீ கொண்டுபோன ஓலையில் பிழையாக ஏதோ சொன்னதால்தான் அவர் பிரிந்தார் என்று மாதவி என்னைக் கடிந்தாள், நீங்கள் மதுரைக்குப் போவதாகக் கேள்விப்பட்டு வணிகச் சாத்தோடு வந்து தனியே துயருற்றேன் என்கிறது. கோவலன் தடுமாறவில்லை. மறையோன் சொன்னதை நினைத்துக் கொற்றவையின் மந்திரத்தை உரைக்கிறான். வனசாரிணி நான், மயக்கினேன், உன் மனைவியிடமும் அந்தத் துறவியிடமும் இதைச் சொல்லாதே என்று கேட்டுக்கொண்டு அது மறைகிறது. கோவலன் தாமரை இலையில் தண்ணீர் கொண்டுவந்து கண்ணகியின் தாகத்தைத் தீர்க்கிறான்.

வழியெல்லாம் அஞ்சிய ஆபத்து இவ்வளவுதான். புலியுமில்லை, பேயுமில்லை. விட்டுவந்த பெண்ணின் தோழி. காடு அவனுக்குக் காட்டியது அவன் மனத்தில் இருந்ததைத்தான். இதில் இன்னொரு நுட்பம். அடுத்த காதையில் கோசிகன் என்பவன் உண்மையாகவே மாதவியின் ஓலையோடு வந்து சேர்கிறான். மாயம் சொன்னது முழுப் பொய்யன்று; கொஞ்சம் முன்னதாக வந்த செய்தி. அதன் வாயை அடைக்க மந்திரம் போதுமானதாக இருந்தது. உண்மை ஓலைக்கு மந்திரம் இல்லை. அதைத் தன் பெற்றோரிடம் சேர்ப்பிக்கச் சொல்லிக் கோசிகனிடமே கொடுத்துவிடுகிறான் கோவலன்.

இனிக் குடிகள். மூவரும் ஐயை கோட்டத்தில் இளைப்பாறும்போது எயினர்கள் வருகிறார்கள். வழிப்பறி செய்து வாழும் வில்லாளிகள். நம் திரைப்படங்களில் கொட்டடித்துக்கொண்டு வரும் காட்டுவாசிகள் அல்லர். சாலினி என்பவள் தெய்வமேறி ஆடிச் சொல்லும் முதல் வாக்கே அவர்களுடைய நொடிப்பைப் பற்றியது. பகைவர் ஊர்களில் ஆநிரை பெருகிக் கிடக்கிறது, எயினர் மன்றமோ பாழ்பட்டுக் கிடக்கிறது. நீங்கள் அறக்குடிகளைப் போல அடங்கிவிட்டீர்கள். தேவியின் கடனைக் கொடுக்கவில்லை என்கிறாள். பசித்த ஒரு குடியின் குரல் அது. அவளே திரும்பிக் கண்ணகியைப் பார்த்து, கொங்குக்கும் குடமலைக்கும் தென்தமிழுக்கும் இவள் தலைவி, ஒப்பற்ற மாமணி என்று வாழ்த்துகிறாள். கண்ணகி நாணிக் கணவனின் முதுகுக்குப் பின்னே ஒதுங்கி, இந்த மூதாட்டி ஏதோ மயங்கிப் பேசுகிறாள் என்று புன்னகைக்கிறாள். புகாரில் யாரும் அவளை இப்படிப் பார்த்ததில்லை. உடனிருந்த கவுந்தியடிகள்கூட அப்போது சொல்லவில்லை. கண்ணகியைத் தெய்வமாக முதலில் கண்டுகொண்டது கள்வர் குடியில் ஒரு பெண்.

காப்பியம் இங்கே வேறு வழிக்குப் போகிறது. ஆனால் அந்தப் பாதையில் மனிதர் நடப்பது நிற்கவில்லை. பின்வந்த காலங்களில் அதே வழியில் நடந்த இரண்டு நிகழ்ச்சிகளைச் சொல்லாமல் இந்தக் காட்டை விட எனக்கு மனமில்லை.

முதலாவது 1323. உலூக்கான் படை திருவரங்கத்தின் மீது வந்தபோது, அழகிய மணவாளரின் உற்சவத் திருமேனியை எடுத்துக்கொண்டு பிள்ளை லோகாசாரியரும் சிலரும் தெற்கே காட்டுவழியாகப் புறப்பட்டார்கள். மறையோன் எந்தப் பெருமாளைக் காண எதிர்த் திசையில் வந்தாரோ, அந்தப் பெருமாளே அவர் வந்த திசையில் போக நேர்ந்தது. வழியில் கள்வர் திருவாபரணங்களைப் பறித்ததாகவும், முதியவரான லோகாசாரியர் தம்மிடம் இருந்ததையும் அவர்களிடமே கொடுத்துவிட்டதாகவும் வைணவ மரபு சொல்லும். மதுரைக்கு அருகே யானைமலைப் பக்கத்து ஜோதிஷ்குடியில் அவர் உயிர் நீத்தார். திருமேனி அழகர் மலையில் சில காலம் இருந்து, பின்பு மேற்கே போய், பல ஊர் சுற்றி, 1371இல் கோபணாரியரால் அரங்கம் திரும்பியது. அரை நூற்றாண்டுக்குச் சற்றுக் குறைவு. இட்டசித்தி இருக்கும் மலையில் தங்கியும் நினைத்தது கைகூட இத்தனை ஆண்டுகள்.

இரண்டாவது 1755. ஆங்கிலக் கம்பெனியின் கர்னல் ஹெரான், ஆற்காட்டு நவாபுக்காக வரி திரட்டும் பொருட்டு, அவ்வாண்டு தொடக்கத்தில் திருச்சியிலிருந்து மதுரைக்கும் திருநெல்வேலிக்கும் படையோடு போனார். மதுரைக்கு அருகே கோவில்குடிக் கோயிலில் கள்ளர் வழிபட்ட சிறு செப்புத் திருமேனிகளைப் பெயர்த்து எடுத்துக்கொண்டார், மீட்புப் பணம் கிடைக்கும் என்று. மே மாதத்தில் திருச்சிக்குத் திரும்பும்போது நத்தம் கணவாயில், சிறுமலையைச் சார்ந்த அந்தக் காட்டில், கள்ளர்கள் படையை மறித்துத் தாக்கினார்கள். பெருஞ்சேதம். ராபர்ட் ஓர்ம் 1763இல் வெளியான தம் போர் வரலாற்றில் இதை விரிவாக எழுதுகிறார். அந்தக் காட்டை விலங்குகளும் கள்ளருமன்றி வேறெவரும் நுழைய இயலாதது என்ற பொருளில் வருணிக்கிறார். கூடவே ஒரு செய்தியையும் மறைக்காமல் சொல்கிறார்: மூட்டைகளுக்கிடையே தம் தெய்வங்களைக் கண்டவர்கள் சாமி, சாமி என்று கூவி எடுத்துச் சென்றார்கள். ஹெரான் பின்னர் இராணுவ விசாரணைக்கு உள்ளாகிப் பதவி இழந்தார்.

எயினரை இன்றைய எந்தச் சாதியோடும் பொருத்தும் வேலையில் எனக்கு உடன்பாடில்லை. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட இடைவெளியைப் பாலம் போட்டுக் கடப்பது ஆராய்ச்சியன்று. ஆனால் வழியைப் பற்றி எழுதியவர்கள் எல்லோரும் வழிப்போக்கர்கள் என்பது உறுதி. காட்டில் இருந்தவர்கள் எழுதவில்லை. வழிப்போக்கரின் பட்டியலில் புலி, பாம்பு, தாகம், எயினர், கள்ளர் எல்லாம் ஒரே பத்தியில் வரும். 1911இன் குற்றப் பரம்பரைச் சட்டம் சென்னை மாகாணத்தில் அந்தப் பட்டியலைக் காவல் நிலையப் பேரேடாக மாற்றியது. 1947இல் அது நீக்கப்படும் வரை எத்தனையோ குடும்பங்களில் ஆண்கள் இரவில் காவல் நிலையத்தில் படுத்தார்கள். ஓர்மின் பக்கங்களைப் படிக்கும்போது கொள்ளை போனது யாருடையது என்ற கேள்விக்கு அவருடைய சொந்தச் சொற்களிலேயே விடை இருப்பதைப் பார்க்கலாம். இளங்கோ ஒருவர்தான் காட்டில் இருந்தவளைப் பேசவிட்டார், அதுவும் சாமியாடிய நிலையில்.

இன்றைக்கு அந்தக் காடு எங்கே என்று கேட்டால், துண்டு துண்டாக இருக்கிறது. வலவழிக்கு மேற்கே கடவூர் மலைக்காடுகளில் தேவாங்குக்காக 2022இல் ஒரு சரணாலயம் அறிவிக்கப்பட்டது. அந்த விலங்கு இரவில் மட்டும் நடமாடும். கோவலன் கண்ணகி போலவே. இடவழிப் பக்கம் அரிட்டாபட்டி 2022 நவம்பரில் பல்லுயிர் மரபுத் தலமானது. இரண்டே ஆண்டுகளில் அந்தப் பகுதியில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் நடந்தது. மேலூர் வட்டாரத்து மக்கள் திரண்டு எதிர்த்தார்கள். 2025 சனவரியில் ஏலம் இரத்தானது. இந்த முறை காட்டுப் பக்கத்திலிருந்தும் மனு எழுதினார்கள், பேசினார்கள், மதுரை வரை நடந்தார்கள்.

கண்ணகியால் வெயிலில் நடக்க முடியாததால் மூவரும் இரவில், நிலவொளியில் நடக்கிறார்கள். பாண்டியன் ஆட்சியில் கரடி புற்றைத் தோண்டாது, புலி மானைத் துரத்தாது, பாம்பும் முதலையும் இடியும்கூட யாருக்கும் தீங்கு செய்யா என்று புறஞ்சேரி இறுத்த காதையின் தொடக்கத்தில் கோவலன் கவுந்தியிடம் சொல்கிறான். அப்படியே நடந்தது. காடு அவர்களைத் தொடவில்லை. விடியும்போது மதுரையின் முரசொலி கேட்கிறது.